சொன்ன மாணவி, சொல்லாத மாணவன்

காவிரிப் படுகை மாவட்டம் ஒன்றில் கலை அறிவியல் கல்லூரி உதவிப் பேராசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். கடிதத்தின் சுருக்கம் இது.

அவர் வகுப்பாசிரியராக இருக்கும் இரண்டாம் ஆண்டு வகுப்பில் 19 வயது மாணவி ஒருத்தி, ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் மாமன் மகனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். படிப்பை நிறுத்தப்போகிறார்கள் என்று பயப்படுகிறாள். சென்ற மாதம் லேப் முடிந்து எல்லோரும் போன பிறகு, "செத்துப் போயிடலாம்னு இருக்கு மேம்" என்று அழுதிருக்கிறாள். போன வருடம் மாத்திரைகளை விழுங்கி, ஹாஸ்டலில் அதை ‘சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மூடி மறைத்த கதையும் அப்போதுதான் தெரிந்தது. துறைத் தலைவரிடம் போனால், "பொண்ணுங்க சும்மா மிரட்டுவாங்க. ஆம்பளப் பசங்கதான் சொல்லாம செஞ்சுடுவாங்க. பெத்தவங்களக் கூப்பிட்டு அனுப்பிவிடுங்க" என்றாராம். இவள் உண்மையாகத்தான் சொல்கிறாளா, வெளிப்படையாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமா, பெற்றோரிடம் சொல்லலாமா, போலீஸ் கேஸ் என்று ஏதாவது வருமா என்பவை அவருடைய கேள்விகள்.

கடிதத்தின் கடைசியில், பேச்சோடு பேச்சாக இன்னொரு மாணவனைப் பற்றியும் எழுதியிருக்கிறார். இறுதியாண்டு படிப்பவன், நான்கு அரியர், வருகைப் பதிவு குறைவு, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, லோன் ஆப்பில் கடன். ஆறு மாதமாக எல்லோரிடமும் எரிந்து விழுந்தவன், இரண்டு வாரமாக அமைதியாகிவிட்டானாம். பைக்கை விற்றுக் கேண்டீன் பாக்கியை அடைத்துவிட்டான். நோட்டுகளையெல்லாம் ஜூனியருக்குக் கொடுத்துவிட்டான். "இனிமே என்னால உங்களுக்குத் தொல்லை இருக்காது மேம்" என்றும் சொல்லியிருக்கிறான். ‘திருந்திவிட்டான் போல, அவனைப் பற்றிக் கவலை இல்லை’ என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள பேராசிரியைக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அந்தக் கடைசிப் பத்திதான். அதனால்தான் கடிதம் கிடைத்த அன்றே, ‘அந்தப் பையனை இன்றைக்கே நேரில் பாருங்கள்’ என்று தனியாகப் பதில் அனுப்பினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே விளக்குகிறேன். உங்களைப் போன்ற நிலையில் இருக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படும்.

நீண்ட நாள் கொந்தளிப்புக்குப் பிறகு காரணமே இல்லாமல் வரும் அமைதி, கணக்குகளை நேர் செய்வது, பொருட்களைக் கொடுத்துவிடுவது, விடைபெறுவது போன்ற ஒரு வாக்கியம் ஆகிய நான்கும் அவனிடம் சேர்ந்து இருக்கின்றன. அவனுடைய பிரச்சினைகளில் ஒன்றுகூடத் தீரவில்லை. அரியர் அப்படியே இருக்கிறது, கடன் அப்படியே இருக்கிறது, அப்பாவின் உடம்பும் அப்படியே. எதுவும் மாறாமல் மனம் மட்டும் அமைதியானால், அவன் ஏதோ ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். என் கணிப்பு தவறாகக்கூட இருக்கலாம். அப்படித் தவறினால் அரை மணி நேரப் பேச்சுதான் வீண். கேட்காமல் விட்டு அது தவறானால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

அந்த மாணவியின் நிலை வேறு. ஆபத்தில் அவள் அவனுக்குக் குறைந்தவள் இல்லை. ஆனால் வாயைத் திறந்து, அதுவும் உங்களிடம், சொல்லியிருக்கிறாள். அதனால் உதவிக்கு ஒரு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. அவனிடம் நீங்களாகத்தான் போக வேண்டும்.

துறைத் தலைவர் சொன்னதில் எது சரி, எது தவறு

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்தானது. உலகின் பல நாடுகளில் தற்கொலை எண்ணமும் முயற்சியும் பெண்களிடம் அதிகம்; இறப்பவர்களில் ஆண்கள் அதிகம். ஆண்கள் உதவி கேட்டு வருவது குறைவு, குடி சேர்ந்துகொள்வது அதிகம், கையாளும் வழியும் பெரும்பாலும் மீள முடியாததாக இருக்கிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் இந்தியாவில் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் ஏறக்குறைய 72 சதவீதம் ஆண்கள்.

அதே கணக்கில் மாணவர்களை மட்டும் பிரித்துப் பாருங்கள். இறந்த 13,044 மாணவர்களில் ஆண்கள் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இளம் வயதில் அந்தப் பெரிய இடைவெளி சுருங்கிவிடுகிறது. நம் ஊர்ப் பக்கமே ஒரு சான்று உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 1992 முதல் 2001 வரை நடந்த இறப்புகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். 10 முதல் 19 வயது வரை, ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஆண் பிள்ளைகளில் 58, பெண் பிள்ளைகளில் 148 தற்கொலை இறப்புகள். பெண்கள்தான் இரண்டரை மடங்கு. 2016-இல் உலகில் தற்கொலையால் இறந்த பெண்களில் நூற்றுக்கு 36-க்கும் மேற்பட்டவர்கள் இந்தியப் பெண்கள் என்று 2018-இல் வெளியான இன்னோர் ஆய்வு சொல்கிறது. ‘பெண்கள் சும்மா மிரட்டுவார்கள்’ என்ற பேச்சு இந்த எண்களுக்கு முன்னால் நிற்காது.

காவல்துறைக் கணக்கில் பெண்களின் சாவு எப்படிக் காணாமல் போகும் என்பதற்குத் தமிழ்ச் செய்தித்தாள் வாசகருக்கு விளக்கம் தேவையில்லை. ‘தீராத வயிற்றுவலியால் இளம்பெண் தற்கொலை’ என்ற தலைப்பை எத்தனை முறை படித்திருப்போம்! கல்யாணம், காதல், அடி உதை, மிரட்டல் எல்லாம் அந்த வயிற்றுவலிக்குள் புதைந்துவிடும். உங்கள் ஹாஸ்டலில் ‘சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று எழுதியதும் அதே வகைதான்.

இன்னொரு தவறான கணிப்பும் உண்டு. ‘நாலு மாத்திரைதானே போட்டாள், சாகிற எண்ணம் இருந்திருந்தால் இப்படியா செய்வாள்’ என்பார்கள். எது எவ்வளவு ஆபத்து என்று பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. செய்தது லேசானது என்பதால் நோக்கமும் லேசானது என்று கொள்ளக் கூடாது. முன்பு ஒரு முயற்சி நடந்திருக்கிறது என்பதே பின்னால் வரக்கூடிய ஆபத்தின் வலுவான அறிகுறிகளில் ஒன்று. ஒன்று மட்டும் எல்லா வார்டன்களுக்கும் தெரிய வேண்டும்: யாராவது எதையாவது விழுங்கிவிட்டால், ஆள் நன்றாக நடமாடினாலும் உடனே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். சில பொருட்களின் கெடுதல் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

ஆணிடமும் பெண்ணிடமும் மனச்சோர்வு வேறு முகம் காட்டுவதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் அழுவார்கள். தலைவலி, மயக்கம் என்று சிக் ரூமுக்குப் போவார்கள். பையன்களிடம் அது எரிச்சலாக, சண்டையாக, குடியாக, தறிகெட்டு வண்டி ஓட்டுவதாக, வகுப்புக்கு வராமல் அறையில் சுருண்டு கிடப்பதாகத் தெரியும். நாம் முதலதை நாடகம் என்கிறோம், இரண்டாவதைத் திமிர் என்கிறோம். சில பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் மட்டும் சாகும் எண்ணம் தீவிரமாகி, விலக்கு வந்த சில நாட்களில் அடங்கும். அடுத்தடுத்து இரண்டு மாதம் தேதி குறித்துக் கொண்டுவந்தால் மருத்துவரால் அடையாளம் காண முடியும். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள் அடங்காத மாணவர்களின் நிலை இன்னும் கடினம். அவர்களை ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம். மருத்துவர்கள் அப்படிச் செய்வது தொழில் ஒழுங்கு மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இலேயே அறிவித்துவிட்டது.

எப்படிக் கேட்பது

கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் உங்களுக்கு மட்டும் இல்லை, பல மருத்துவர்களுக்கே உண்டு. கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ‘அப்பாடா, ஒருத்தராவது கேட்டாங்களே’ என்று பாரம் குறைகிறவர்களே அதிகம். ஆனால் கேட்கும் விதம் முக்கியம். "தப்பா எதுவும் நினைக்கலையே?" என்று கேட்டால், "இல்ல மேம்" என்ற பதிலை நீங்களே கையில் கொடுக்கிறீர்கள்.

ஸ்டாஃப் ரூம் வேண்டாம், நான்கு பேர் காதில் விழும். மாணவியை ஆளில்லாத வகுப்பறையில் உட்காரவைத்துப் பேசலாம். பையனோடு மைதானத்தில் நடந்துகொண்டே பேசுங்கள். முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் பல பையன்கள் இறுகிவிடுவார்கள். "சரியா தூங்குறியா?" என்று தொடங்குங்கள், தூக்கத்தைப் பற்றிப் பேச யாரும் வெட்கப்படுவதில்லை. பிறகு இந்த வரிசையில் நேராகக் கேளுங்கள்:

"தூங்கினா எந்திரிக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்னு தோணியிருக்கா?"
"உயிரை விட்டுடணும்னு நினைச்சிருக்கியா?"
"எப்படின்னு யோசிச்சிருக்கியா?"
"செஞ்சுடணுங்கிற எண்ணம் கொஞ்சமாவது இருக்கா?"
"எப்போ, எங்கேன்னு முடிவு பண்ணி ஏதாவது ஏற்பாடு செஞ்சிருக்கியா?"
"இதுக்கு முன்னாடி எப்பவாவது முயற்சி பண்ணியிருக்கியா? கடைசி மூணு மாசத்துல?"

இரண்டாவதுக்கு ‘இல்லை’ என்றால் நேராகக் கடைசிக் கேள்விக்குப் போய்விடலாம். முதல் இரண்டுக்கு மட்டும் ‘ஆமாம்’ என்றால் அந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ சேர்த்துவிட வேண்டும். மூன்றாவதுக்கும் ‘ஆமாம்’ என்றாலோ, மூன்று மாதத்துக்கும் முன்பு எப்போதாவது ஒரு முயற்சி நடந்திருந்தாலோ அன்றைக்கோ மறுநாளோ சேர்த்துவிட வேண்டும். நான்கு, ஐந்து இரண்டில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலோ, மூன்று மாதத்துக்குள் முயற்சி நடந்திருந்தாலோ அந்த நிமிடத்திலிருந்து தனியாக விடக் கூடாது, பாத்ரூமுக்குக்கூட. ஒருவர் கூடவே இருக்க, இன்னொருவர் 108-ஐ அழைத்தோ கல்லூரி வண்டியிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போக வேண்டும். மாணவியின் முயற்சி போன வருடம் நடந்தது என்பதால் அவளுக்கு அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.

ஒரு வேண்டுகோள்: சத்தியம் வாங்காதீர்கள். ‘என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணு, இனிமே இப்படி நினைக்கமாட்டேன்னு’ என்பது நம் வீடுகளில் அன்பின் மொழிதான். ஆனால் நினைப்பு கட்டளைக்கு அடங்காது. அடுத்த முறை எண்ணம் வரும்போது சத்தியத்தை மீறிய குற்றவுணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும், உங்களிடம் திரும்பச் சொல்லவும் மாட்டாள். ‘உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர்’ என்ற வாக்கியத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

சத்தியத்துக்குப் பதிலாக ஒரு தாளில் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். எண்ணம் தலைதூக்கும்போது முதலில் தெரியும் அறிகுறி என்ன? தனியாக இருந்தால் மனதைத் திருப்ப என்ன செய்வேன்? எந்த இடத்துக்கு, யாரோடு போனால் கொஞ்சம் லேசாகும்? யாரிடம் வாய்விட்டு உதவி கேட்பேன்? எந்த மருத்துவர், எந்த எண்? அருகில் இருக்கும் ஆபத்தான பொருளை யாரிடம் ஒப்படைப்பேன்? பாதுகாப்புத் திட்டம் என்று மனநலத் துறையில் நாங்கள் சொல்வது இந்த ஆறையும்தான். தாளைப் போட்டோ எடுத்து அவர்கள் போனிலேயே வைத்துக்கொள்ளட்டும். ஆறாவது கேள்வியை யாரும் மதிப்பதில்லை. என் அனுபவத்தில் அதிக உயிரைக் காப்பது அதுதான். தீவிரமான அந்த வேகம் பலருக்கும் சில மணி நேரத்தில், சிலருக்குச் சில நிமிடங்களிலேயே தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருந்தால் பிழைத்துவிடுகிறார்கள். பையன் விவசாயக் குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். வயலுக்கு வாங்கிய மருந்து வீட்டுக்குள் இருக்கக் கூடாது, அவன் அப்பாவின் மாத்திரைகளும் அம்மாவின் பொறுப்பில் பூட்டியே இருக்க வேண்டும்.

பெற்றோரிடம் சொல்வது

இதில் ஆம், இல்லை என்று ஒரே பதில் கிடையாது. இருவருமே 18 வயதைக் கடந்தவர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆவது பிரிவு, சிகிச்சை பெறுகிறவரின் ரகசியத்தைக் காக்கும்படி மனநலத் துறையினரைக் கட்டுப்படுத்துகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் விலக்கு உண்டு. நீங்கள் மருத்துவர் இல்லை என்றாலும் அதே அளவுகோலை வைத்துக்கொள்வது நல்லது. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும், உனக்குச் சொல்லிட்டு, ஒருத்தர்கிட்ட சொல்வேன். யார்கிட்ட சொன்னா உனக்கு நல்லது?" என்று கேளுங்கள். அது அம்மாவாக இருக்க வேண்டும் என்பதில்லை. அக்காவோ சித்தியோ தாத்தாவோகூட இருக்கலாம்.

அந்த மாணவி விஷயத்தில் துறைத் தலைவரின் யோசனையைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். பெற்றோரை வரவழைத்து, நான்கு பேர் முன்னால் விஷயத்தைப் போட்டு உடைத்து, மாலை பஸ்ஸில் அனுப்பிவைத்தால், அவள் எந்த வீட்டை நினைத்துப் பயப்படுகிறாளோ அந்த வீட்டுக்கே, போனும் பிடுங்கப்பட்டு, தோழிகளும் இல்லாமல் போவாள். கல்யாணத் தேதியும் முன்னால் வந்துவிடும். முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும். பெற்றோரோடு பேசுவது அவர் முன்னிலையில் நடக்கட்டும். அவள் சம்மதம் இல்லாமல் மணம் முடிக்க யாருக்கும் உரிமை இல்லை. அவள் விரும்பினால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணிலும் பேசலாம். யாராவது படத்தை வைத்து மிரட்டுகிறார்களா என்பதையும் ஒரு வார்த்தை தனியாகக் கேட்டுவிடுங்கள். இந்த வயதில் அதுவும் ஒரு காரணமாக ஒளிந்திருக்கும்.

பையனுக்கு நேர்மாறு. அவன் வீட்டுக்கு அரியர் விஷயமே தெரியாது என்று தோன்றுகிறது. வீட்டின் ஒரே நம்பிக்கை நான்தான், நானும் தோற்றுவிட்டேன் என்ற நினைப்பு பையன்களைக் கொல்லும் நினைப்பு. அவனோடு உட்கார்ந்து எந்த அரியர் எந்த செமஸ்டரில் எழுதலாம், வருகைக் குறைவுக்கு என்ன வழி என்று ஒரு தாளில் போட்டுக் கொடுங்கள். லோன் ஆப்காரர்கள் மிரட்டினால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும். பயந்துபோய் இன்னொரு ஆப்பில் கடன் வாங்கி அடைக்கக் கூடாது. இதெல்லாம் மனநல வைத்தியமா என்று கேட்கலாம். அவனுக்கு இதுவும் வைத்தியத்தில் பாதி.

சட்டம்

தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 சட்டத்தின் 115-ஆவது பிரிவு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரின் பணியைத் தடுக்கவோ அவரை நிர்ப்பந்திக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டுமே குற்றமாக மிஞ்சியிருக்கிறது. முயற்சிக்குப் பிறகு மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவது நடைமுறை. அதைப் பார்த்து மாணவிமேல் கேஸ் என்று பதற வேண்டாம். கேட்டதற்காகவோ கூட்டிப் போனதற்காகவோ உங்கள்மேலும் குற்றம் வராது. தேதி, நேரம், அவர்கள் சொன்ன வார்த்தை, நீங்கள் யாருக்குத் தெரிவித்தீர்கள் என்பதை நான்கு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

கல்லூரியின் பெயர் கெடும் என்பவர்களிடம் ஒன்றைச் சொல்லலாம். நூறு அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள கல்வி நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் கல்லூரியில் யார் அவர் என்று எழுத்தில் கேளுங்கள். ‘இனி ஆபத்தில்லை’ என்று சான்றிதழ் வாங்கி வந்தால்தான் ஹாஸ்டல் என்ற நிபந்தனையும் வேண்டாம். அப்படி எந்த நேர்மையான மருத்துவரும் எழுத முடியாது. அடுத்த மாணவி வாயே திறக்கமாட்டாள் என்பதுதான் மிச்சம்.

சிகிச்சை தொடங்கிய பிறகு

மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். பத்து நாளில் ‘ஒண்ணும் கேக்கல’ என்று நிறுத்துகிறவர்கள் ஏராளம். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முதல் சில வாரங்களில் பரபரப்பு கூடலாம், சிலருக்கு எண்ணமும் தற்காலிகமாகக் கூடலாம். அதனால் முதல் மாதம் வாராவாரம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்தையும் ஒவ்வொரு முறையும் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, நம்பிக்கையானவர் கையில் கொடுத்து வைக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்த்து வீடு திரும்பினால் அடுத்த சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. ‘சரியாயிட்டாள்’ என்று எல்லோரும் கலைந்துபோகும் நேரமும் அதுவே. டிஸ்சார்ஜ் ஆன மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் நீங்கள் ஒரு போன் செய்தால் நல்லது.

உங்களுக்கும் இது பெரிய சுமை, தனியாகச் சுமக்க வேண்டாம். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் இயங்கும். மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது தமிழைத் தேர்ந்தெடுங்கள். தமிழ்நாடு அரசின் 104 உதவி எண், சென்னையில் உள்ள தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவின் 044-24640050 ஆகியவையும் உண்டு. பிரச்சினையில் இருப்பவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. ‘என் மாணவனிடம் இன்று மாலை பேசப்போகிறேன், எப்படித் தொடங்கட்டும்’ என்று நீங்களே கேட்கலாம். அவன் சம்மதித்தால், எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பாமல், உங்கள் பக்கத்தில் இருக்கும்போதே டயல் செய்து கையில் கொடுங்கள்.